பதினெட்டு ரூபாயில் ஒரு முழுக்குக் கோடு

மச்சாள்,

இன்று காலை சந்திக் கடையில் கால் கொத்துப் பயறு வாங்கினேன். கடைக்காரர் தாளில் சரையாகச் சுற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து பயற்றைச் சுளகில் கொட்டிவிட்டுத் தாளை விரித்தால், கட்டம் போட்ட தாள். கட்டத்துக்குக் கட்டம் பென்சிலால் பெருக்கல் குறிபோலச் சின்னச் சின்னப் புள்ளடிகள். குறுக்காலே சிவப்பு மையில் ஒரு நேர்கோடு. கோட்டின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ‘மு.கோ.’ என்று இருந்தது.

அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நீங்கள் கண்ணை மூடி, உங்கள் அந்தியேட்டிச் சடங்கும் போன கிழமை முடிந்தது. இனி நான் ஒருவன்தான்.

வீடு துப்புரவாக்கியபோது உங்கள் பழைய தாள்களை யாரோ கட்டிக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஜெர்மன்காரனோடு யுத்தம் தொடங்கிய பிறகு தாளுக்குத்தானே பஞ்சம், கடைக்காரர் விடுவாரா? நான் சால்வையையும் எடுக்காமல் திரும்ப ஓடினேன்.

“அண்ணை, உந்தக் கட்டத் தாளிலை இன்னும் எத்தினை கிடக்கு? எல்லாத்தையும் தாரும்.”

“தாள் விக்கிறதுக்கில்லை, அண்ணை. சாமான் வாங்கினால் தாள் வரும்.”

பிறகென்ன, பதினொரு சரை பயறு வாங்கினேன். என் மனுசி, உங்கள் தங்கச்சி, முற்றத்தில் நின்று, “இஞ்சாருங்கோ, இவ்வளவு பயறையும் இந்த வீட்டிலை ஆர் தின்னுறது?” என்று சத்தம் போட்டாள். நான் அதைக் காதில் விழுத்தவில்லை. தாள்களை மேசையில் ஒட்டி ஒட்டி அடுக்கினேன். மூன்று வருசத்து ரப்பர்ப் பங்கின் விலை, ஏறி இறங்கி, மலைத்தொடர்போல என் முன்னால் கிடந்தது.

மச்சாள், நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். “இனி உனக்குச் சொல்லித்தர என்னட்டை ஒண்டும் இல்லை” என்று வாத்தியாரே சொல்லி அனுப்பினார். அவர் எந்தக் கருத்தில் சொன்னாரோ, நான் அதை நற்சான்றிதழாகவே எடுத்துக்கொண்டேன். ஆங்கிலம் அரைகுறை என்றாலும் இலக்கம் எனக்கு முழுசாக வரும். சுருட்டுத் தொழிலில் என்னை வெல்லக் கொக்குவிலில் ஆள் இருந்ததில்லை. வல்வெட்டித்துறைத் தண்டையல் ஒருவர், புயலில் பாய்மரம் முறிந்து விழுந்தபோதும் என் சுருட்டை அணையவிடாமல் பிடித்துக்கொண்டே கப்பலைக் கரை சேர்த்த கதையை ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொன்னேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மச்சான், போனமுறை பாய்மரம் ஒண்டுதானே முறிஞ்சது? இப்ப ரண்டாப் போச்சே?” என்றீர்கள். அதுதான் நீங்கள். எந்த இலக்கமும் உங்கள் கண்ணுக்குத் தப்பிப் போகாது.

உங்கள் வீட்டுக்காரர், எங்கள் அண்ணை, மலாயாவில் ரெயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தபோது ஒரு ரப்பர்த் தோட்டக் கம்பனியின் பங்குகளைப் பதினெட்டு ரூபாய்ப்படி வாங்கினார். மலாயா கண்டு வந்த மனிதர் வாங்கினால் எங்கள் ஒழுங்கையில் மற்ற வீட்டுக்காரர் சும்மா இருப்பார்களா? பக்கத்து வளவு வாத்தியார் வாங்கினார், நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வாங்கினார், நானும் வாங்கினேன். எல்லோரும் அதே பதினெட்டுக்கு. நான் சொல்லித்தான் எல்லோரும் வாங்கினார்கள் என்று கொஞ்சநாள் சொல்லித் திரிந்தேன். விலை விழத் தொடங்கியதும் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அண்ணை காய்ச்சலில் போனார். ரப்பர் பாதாளத்துக்குப் போனது. பங்கு மூன்று ரூபாய்க்கும் கேட்பாரில்லை. உங்களிடம் இருந்தது அந்தப் பங்குக் கட்டும், பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரியான ஒரு மகளுந்தான்.

வேறொருவர் என்றால் அந்தக் கடதாசிகளைக் கண்ணில் காணவே கூசியிருப்பார். நீங்கள் மிசன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்த காலத்துக் கட்டத் தாளை எடுத்தீர்கள். பூவும் கிளியும் குறுக்குத் தையலில் போட மாதிரி கீறுகிற தாள். காலையில் மெயில் கோச்சியில் வருகிற இங்கிலீசுப் பேப்பரை ஸ்டேசனில் வாங்கி வருவது என் வேலை. விறாந்தையில் இருந்து பங்கு விலைப் பத்தியில் விரலை ஓட்டி, அன்றைய விலைக்கு ஒரு புள்ளடி போடுவீர்கள். பக்கவாட்டில் ஒரு கட்டம் ஒரு நாள், மேல்நோக்கி ஒரு கட்டம் கால் ரூபாய். “என்ன மச்சாள், கிளியோ மயிலோ?” என்று கேட்பேன். “இன்னும் வால்தான் வந்திருக்கு” என்பீர்கள்.

ரப்பர் திரும்ப ஏறத் தொடங்கியது. புள்ளடிகள் ஏணிப்படிபோல மேலே போயின. பத்து, பதின்மூன்று, பதினாறு, பதினேழே முக்கால். அங்கே நின்றது. பிறகு சறுக்கி, பதினொன்றுக்கு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் பொங்கியது. “கொழும்பிலை ஆரோ வெள்ளைக்காரன் அமத்திப் பிடிக்கிறான், மச்சாள். எனக்கு இந்தச் சூழ்ச்சியெல்லாம் தெரியும்.”

நீங்கள் பென்சிலைக் காதுக்குமேல் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். “உங்கடை பங்கு எவ்வளவுக்கு வந்தால் விப்பியள், மச்சான்?”

“கொண்ட விலை வந்தால் காணும். பதினெட்டு வந்த அண்டைக்கே வித்துத் தலை முழுகிப்போடுவன்.”

“வாத்தியார்?”

“அவரும் உதைத்தான் சொல்லுறார்.”

“பரியாரியார்?”

“அவரும்.”

“அப்ப ஒருத்தரும் அமத்திப் பிடிக்கேல்லை. பதினெட்டிலை நீங்கள் எல்லாரும் துவாயோடை கிணத்தடியிலை வரிசையா நிக்கிறியள்.”

உங்கள் தங்கச்சி உள்ளேயிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, விட்டுக்கொடுக்காமல் கேட்டேன்: “அப்பிடியெண்டால் பதினெட்டுக்கு வந்தெல்லோ திரும்ப வேணும்? ஏன் கால் ரூபா குறையத் திரும்பினது?”

“வரிசை நீளம் எண்டு கண்டால் சிலபேர் கால் ரூபா போனாலும் பறவாயில்லை எண்டு முந்தி முழுகிப்போடுவினம்.”

“எங்கடை ஒழுங்கையிலை நாலு பேர் விக்கிறதுக்கு விலை நிக்குமோ?”

“எங்கடை ஒழுங்கை மாதிரிக் கொழும்பிலை எத்தினை ஒழுங்கை, சிங்கப்பூரிலை எத்தினை ஒழுங்கை. பதினெட்டுக்கு வாங்கி மாட்டினவை எல்லா இடமும் இருக்கினம். எல்லாருக்கும் ஒரே நினைப்பு.”

அன்றுதான் சிவப்பு மையால் பதினெட்டில் அந்தக் கோட்டைக் கீறினீர்கள். முழுக்குக் கோடு என்று பெயரும் வைத்தீர்கள். பின்னாளில் கொழும்பிலிருந்து புகையிலை வாங்க வந்த ஒரு கனவானிடம், நீங்கள் வைத்த பெயரைச் சொல்லாமல், இதைச் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கொழும்பில் பங்குத் தரகர் கந்தோர்களில் இதைத் ‘தடை’ என்பார்கள் என்றார். தடை என்றால் அங்கே ஏதோ மதில் நிற்கிற மாதிரி. நீங்கள் அந்த இடத்தில் ஆட்களைக் கண்டீர்கள். தங்கள் பிழையை யாருக்கும் காட்டாமல் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகக் காத்திருக்கிற ஆட்கள். அதில் நானும் ஒருவன்.

அடுத்த ஏற்றத்தின்போதுதான் பிள்ளைக்குக் கடிதம் வந்தது. கொழும்பில் டாக்குத்தர் படிப்புக்குத் தெரிவாகிவிட்டாள். இரண்டு மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டும். அவள் அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். எங்கள் பகுதியில் ஒரு பொம்பிளைப் பிள்ளை டாக்குத்தராவது என்றால் விளையாட்டா? நான் அன்றே சந்தியில் அவளைப் பெரிய டாக்குத்தராக்கி, இரண்டு பேரைச் சாவிலிருந்து எழுப்பவும் வைத்துவிட்டேன்.

பங்கு பதினேழேகாலில் நின்றது. நீங்கள் தந்தித் தாளில் இங்கிலீசில் எழுதி என் கையில் தந்தீர்கள்.

“மச்சான், எல்லாப் பங்கையும் பதினேழரைக்கு விக்கச் சொல்லித் தரகருக்கு எழுதியிருக்கிறன். பதினேழுக்குக் கீழை போனால் பிள்ளையின்ரை படிப்புக்குக் காணாது. கோட்டுக்குக் கிட்டப் போகாமல் இஞ்சாலையே இறங்குவம்.”

“அண்ணை கொண்ட விலை பதினெட்டெல்லோ?”

“அண்ணை கொண்ட விலை விலைக்குத் தெரியாது, மச்சான்.”

நான் சைக்கிளில் தபால் கந்தோருக்குப் போனேன். சந்தியில் வாத்தியாரும் பரியாரியாரும் நின்றார்கள். “என்ன, தந்தியோ? பங்கு விக்கப் போறியளோ? எவ்வளவுக்கு?” என்று வாத்தியார் கேட்டார்.

மச்சாள், அந்த இடத்தில் என் வாய் திறந்தது. “எங்கடை அண்ணை கொண்ட விலைக்கு ஒரு சதம் குறையவும் அந்தப் பங்கு வெளியாலை போகாது!” என்றேன். பரியாரியார், “அப்பிடிச் சொல்லு!” என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டின் சூடு ஆறுமுன் தபால் கந்தோரில் தந்தி வாங்குகிற பலகைக்கு முன்னால் நின்றேன். சட்டைப் பையில் இருந்தது பதினேழரை. சந்தியில் நான் விட்டுவிட்டு வந்தது பதினெட்டு.

“இதிலை ஒரு பிழை கிடக்கு. பதினெட்டு எண்டு மாத்தும்” என்றேன்.

தந்திக் கிளாக்கர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அம்மா வடிவாப் பதினேழரை எண்டெல்லோ எழுதியிருக்கிறா?”

“நான் வீட்டு ஆம்பிளை சொல்லுறன். மாத்தும்.”

அவர் வெட்டி எழுதினார். களவு செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு அரை ரூபாய் கூட வாங்கித் தருகிற கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டு சீழ்க்கையடித்தபடி வந்தேன்.

அடுத்த நாள் பேப்பரில் பதினேழரை. அதற்கடுத்த நாள் பதினேழே முக்கால். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு பதினேழு, பதினாறு, பதினைந்து. கிழமை முடியப் பதினான்கு.

தரகரின் கடிதம் வந்த அன்று விறாந்தையில் எல்லோரும் இருந்தோம். உங்கள் தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கடிதத்தை உடைத்துப் படித்தீர்கள். ‘உங்கள் பதினெட்டு ரூபாய்க் கட்டளைக்கு வாங்குவோர் கிடைக்கவில்லை’ என்றுதான் அதில் இருந்திருக்கும். நீங்கள் தலையை நிமிர்த்தி ஒரேயொரு தரம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கடிதத்தை நாலாக மடித்தீர்கள்.

“தந்தி பிந்திப் போச்சாம்” என்றீர்கள்.

பிள்ளை கதவு நிலையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கடன் வாங்கித் தருகிறேன் என்று அன்று பின்னேரம் வந்து நின்றேன். “வேண்டாம், மச்சான். அவள் படிப்பைக் கடனிலை தொடங்கேலாது” என்றீர்கள். அந்த வருசத்து இடம் போய்விட்டது. வருகிற வருசம் இடம் தர அவர்கள் சம்மதித்தது மட்டும் மிச்சம். பிள்ளை பண்டத்தரிப்பில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அரிவரி வகுப்புக்குப் படிப்பிக்கப் போனாள்.

மறுநாள் காலை பேப்பரோடு வந்தபோது ஏச்சு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். விறாந்தையில் வேறு ஒருவரும் இல்லை. நீங்கள் பதினான்கில் புள்ளடி போட்டீர்கள்.

“வரிசையிலை உங்களை ஒராளா எண்ணிப்போட்டன், மச்சான். ரண்டாளா எண்ணியிருக்க வேணும்.”

அவ்வளவுதான். உங்கள் பங்கையும் கொண்டுபோய்ப் பதினெட்டு வரிசையில் நிறுத்தியதற்கு எனக்குக் கிடைத்த ஏச்சு அது. பேப்பரை மடித்துத் தந்து, நாளைக்கும் நேரத்தோடு கொண்டுவரச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பு. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் மடம், எங்கே போனாலும் பெண்களுக்குள் இருந்து கதை கேட்டு வந்தீர்கள். யார் யார் பங்கை விற்றார்கள், யார் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று. “வாத்தியார் பதினேழரைக்கே முழுகிட்டார். உங்களுக்குச் சொல்ல வெக்கப்படுறார்” என்று ஒருநாள் சொன்னீர்கள். கொண்ட விலைக்குக் குறைய விற்றால் மானம் போய்விடும் என்று என்னைச் சந்தியில் தட்டிக்கொடுத்த பரியாரியாரும் அரைவாசியை விற்றிருந்தார்! நான் ஒருவன்தான் கிணற்றடியில் துவாயோடு காய்ந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

மூன்றாம் முறை விலை பதினேழே முக்காலுக்கு வந்து திரும்பியது. பிள்ளைக்குப் பணம் கட்ட ஒரு மாதந்தான் இருந்தது. “இப்பவாவது விப்பம், மச்சாள்” என்று கெஞ்சினேன்.

நீங்கள் தாள்களை ஒட்டிப் பிடித்துக் காட்டினீர்கள். “முதல் முறை திரும்பிப் பதினொண்டுக்குப் போனது. ரண்டாம் முறை பதினாலு. இந்த முறை பதினாறரையோடை நிக்குது. பள்ளம் ஆழம் குறைஞ்சுகொண்டு வருது. முழுக வந்த ஆக்கள் முடியுது, மச்சான்.”

“நிச்சயமோ?”

“கோடு கீறினது நான். விலைக்கு என்ரை கோடு தெரியாது. பதினேழுக்குக் கீழை பணம் காணாது எண்டது மட்டும்தான் நிச்சயம். இன்னும் ரண்டு கிழமை பாப்பன். பதினெட்டைத் தாண்டாட்டில், பிறகு பதினேழுக்கு வந்த அண்டைக்கே விப்பன்.”

உங்கள் கை நடுங்கவில்லை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். நடுங்கியது. பென்சில் முனை இரண்டு தரம் முறிந்தது. பிள்ளையின் வாழ்க்கையல்லவா அந்தத் தாளில் கிடந்தது. நடுங்கிக்கொண்டே சரியான கட்டத்தில் புள்ளடி போட்டீர்கள். அதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் பதினெட்டு. “போய் முழுகிட்டு வாங்கோ” என்று சிரித்தீர்கள். நான் ஓடிப்போய் என் பங்கைப் பதினெட்டுக்கு விற்றேன். அதற்கடுத்த நாள் பதினெட்டே முக்கால். பிறகு பத்தொன்பது, பத்தொன்பதரை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கிழமையில் அது திரும்பிப் பதினெட்டேகாலுக்கு வந்தது. “பாத்தியளோ, விழுது!” என்று கத்தினேன்.

“திரும்பப் பதினெட்டுக்கு வந்தால் என்ன செய்வியள்?”

“வாங்குவன். வித்தது பிழையாப் போச்சு.”

“வித்த எல்லாரும் இப்ப அதைத்தான் சொல்லுவினம். முந்தி முகட்டிலை நிண்டு தலையிலை இடிச்ச அதே ஆக்கள் இப்ப நிலமாக் கிடக்கினம். விலை அதிலை காலூண்டி எழும்பும்.”

அப்படியே நடந்தது. பத்தொன்பதே முக்காலில் நீங்கள் மறுபடி தந்தித் தாள் எழுதினீர்கள். இருபதுக்கு விற்கச் சொல்லி. அதை யாரிடம் கொடுத்து அனுப்பினீர்கள்? என்னிடம். வேறு யாரையும் கூப்பிட யோசிக்கவும் இல்லை. “மச்சான், இதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ” என்று, உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி. சந்தியில் வாத்தியார் விலை கேட்டார். நான் இருமிக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். தாளில் இருந்ததை இருந்தபடி தந்திக் கிளாக்கரிடம் கொடுத்தேன். அவர் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். நான் மூடிக்கொண்டு நின்றேன்.

இருபதுக்குப் போனது. பிள்ளை கோச்சி ஏறினாள். மாலை போட்டனுப்ப ஊரே வந்தது. இரண்டாயிரம் பேர் என்று சொல்வேன். ஒரு நாற்பது பேர் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையையும் சொல்லத்தான் வேண்டும். “அண்டைக்கு நான் பதினேழரைக்கு விக்க விட்டிருந்தால் மச்சாளுக்கு ரண்டரை ரூபா நட்டமெல்லோ” என்று ஒரு கலியாண வீட்டில் சொன்னேன். நீங்கள் அடுத்த பந்தியில் இருந்தீர்கள், கேட்டீர்கள். இலையில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பாய்மரம் எண்ணிய மனுசி, அன்றைக்கு எண்ணவில்லை.

இன்று பின்னேரம் பிள்ளை வந்தாள். இப்போது வெள்ளைக் கோட்டு போடுகிற டாக்குத்தர் அல்லவா, நடையே வேறு. மேசையில் தாள்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். புள்ளடிகளை விரலால் தடவிக்கொண்டே போய், இரண்டாவது மலையின் உச்சியில் விரலை வைத்தாள்.

“தந்தி பிந்தினது இந்தக் கிழமைதானே, சித்தப்பா?”

அவளுக்கு எல்லாம் தெரியும், நீங்கள் எப்போதோ சொல்லியிருப்பீர்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சாகும்வரை நீங்கள் சொல்லவேயில்லை.

நான் சொன்னேன், மச்சாள். சந்தி, முதுகில் தட்டு, வெட்டி எழுதியது, எல்லாம். இரண்டரை ரூபாய் இலாபம் நுனி நாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவள் பேசினாள். அப்பப்பா, என்ன பேச்சு! “ஒரு வருசம், சித்தப்பா! என்னோடை தெரிவான பிள்ளையள் எல்லாரும் முந்திப் போச்சினம். நான் மூண்டு நாள் சாப்பிடேல்லை. அரிவரிப் பிள்ளையளுக்கு மூக்குத் துடைச்சுக்கொண்டு, அந்தத் தந்திக் கிளாக்கரை ஒவ்வொருநாளும் திட்டினனான். அந்த மனிசனோடை இண்டைவரைக்கும் நான் கதைக்கிறேல்லை, தெரியுமே? எதிரை வந்தால் மற்றப் பக்கம் திரும்பிப் போவன். அவர் என்ன பாவம் செய்தவர்?”

உங்கள் தங்கச்சி குசினியிலிருந்து வந்து, பயறு கிண்டிய அகப்பையோடு நின்றாள். எனக்காக ஒரு சொல் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் மடித்து வைத்த கடிதம் இவ்வளவு காலமும் எவ்வளவு பாரத்தைத் தாங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது எனக்கு வர வேண்டிய பேச்சு. முழுசாக வாங்கிக்கொண்டேன். கடைசியில் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, “தேத்தண்ணி குடிச்சியளோ?” என்றாள். உங்கள் பிள்ளைதான்.

தந்திக் கிளாக்கர் இன்னும் அதே தபால் கந்தோரில்தான் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. நாளைக்குக் காலை பிள்ளை அவரிடம் போய்க் கதைக்கப் போகிறாளாம். நானும் கூட வர வேண்டுமாம். வருகிறேன் என்றிருக்கிறேன். வழியில் சந்தி இருக்கிறது, வாத்தியார் இருப்பார், என் வாய் எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு போவேன். அந்த மனிசனின் பலகைக்கு முன்னால் நின்று, “அம்மா எழுதினது பதினேழரை. பதினெட்டு எண்டு சொன்னது நான்” என்பேன்.

அதோடு நிறுத்திக்கொள்வேன், மச்சாள். ஒரு சதமும் கூட்டமாட்டேன்.